சாரதி உறங்குமிடம்

கோணேசர் கோயில் குன்றில் நின்று கடலை நோக்குவோருக்குத் திருகோணமலையின் அழகை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அழகைக் கண்டு திரும்புவோருக்கு இன்னோர் அழகும் விற்பனைக்கு இருக்கிறது. காரும் சாரதியும் வாடகைக்குக் கிடைக்கும். கண்டி வரை ஏறக்குறைய 180 கிலோமீற்றர். வழியெங்கும் குளம், வயல், காடு, மலை. விரும்பிய நேரத்தில் புறப்படலாம், விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். பேசிய தொகைக்குள் எரிபொருள் உண்டு. குடிதண்ணீர்ப் போத்தலும் உண்டு. அன்றிரவு அந்தச் சாரதி எங்கே உறங்குவார் என்பதோ, 'சாரதியின் செலவு உட்பட' என்ற மூன்று சொற்களில் முடிந்துவிடுகிறது.

இஃதொரு சிறு விஷயம் என்று எண்ணுவோர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. விடுதியின் முன்கட்டில் பயணிக்குக் கடற்காற்றும் வெண்விரிப்பும் இருக்கும். பின்கட்டில், இடமிருந்தால், பல சாரதிகளுக்கும் பொதுவாய் ஓர் அறை. இல்லையேல் காரின் இருக்கையையே சாய்த்துக் கண்ணாடியைச் சற்றே இறக்கிக் கொசுக்கடியில் ஓர் உறக்கம். விடிந்ததும் மடிப்புக் கலையாத சட்டையுடனும் மாறாத புன்னகையுடனும் அவர் கதவைத் திறந்து நிற்க வேண்டும். பலருடைய உயிரைக் கையில் ஏந்தி மலைவளைவுகளில் ஓட்டிச் செல்லும் மனிதர் உறங்கினாரா என்று கேட்காத நாகரிகம் என்ன நாகரிகம்?

"அவர் சொந்தத் தொழில் செய்பவர், அவருக்கு முதலாளி ஏது?" என்பர் சிலர். உண்மைதான், முதலாளி இல்லை, ஆனால் முதலாளிக்குரிய நட்டங்கள் யாவும் அவருடையவை. கார் அவருடையதாயின் நிதிக் கம்பனியின் மாதத் தவணை முந்திக்கொள்ளும். பிறருடையதாயின் உரிமையாளரின் பங்கு முந்திக்கொள்ளும். வெறுங்காருடன் திரும்பும் தூரத்துக்கும், வெயிலில் காத்துக்கிடக்கும் நேரத்துக்கும் கூலி தனியே எண்ணப்படுவது அரிது. ஆகவேதான் மாத்தளைப் பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டத்து வாசலிலும் இரத்தினக் கல் கடை வாசலிலும் கார் நிற்கிறது. அங்கே கிடைக்கும் கொமிஷனை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் "சாரதி ஏமாற்றுகிறார்" என்று முகஞ்சுளிக்கும் பயணியிடம் ஒன்று கேட்கிறோம்: பேரம் பேசிப் பேசி நீங்கள் குறைத்த கூலியல்லவா சுற்றுவழியாக உங்கள் பைக்குள்ளேயே மீண்டும் கைநீட்டுகிறது?

2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்தன; பயணிகள் வருவது நின்றது. 2020இல் கொள்ளைநோய் வந்தது. விமான நிலையமே மூடப்பட்டது. தவணைக் கணக்கோ நிற்கவில்லை. பின்னர் 2022 வந்தது. பிரித்தானியர் தம் கடற்படைக்காகச் சீனன்குடாவில் கட்டிய எண்ணெய்க் குதங்களுள் 99 காட்டுக்குள் நிற்கின்றன. அவற்றை எவ்வாறு பங்கிடுவது என்று 2022 ஜனவரியில் இந்திய நிறுவனமொன்றுடன் உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டது. அதே ஆண்டில்தான் நாட்டின் சாரதிகள் எரிபொருளுக்காக இரவும் பகலும் வரிசையில் கிடந்தார்கள்; வரிசையிலேயே உயிர்விட்டோரும் உண்டு. குதங்கள் யாருக்கு என்பதை அரசுகள் பேசித் தீர்த்துக்கொண்டன. சாரதிக்கு வாரத்துக்கு எத்தனை லீற்றர் என்பதைப் பங்கீட்டு அனுமதி தீர்மானித்தது. இதுதான் அவருடைய 'சொந்தத் தொழிலின்' சுதந்திரம்!

இனி, அந்தக் காட்சியைப் பார்ப்போம். கந்தளாய்க் குளத்தின் நீர்ப்பரப்பு கண்ணுக்கு விருந்துதான். 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதன் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வூரின் சீனித் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டு, கரும்பை நம்பிய குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. தம்புள்ளையைக் கடந்து மாத்தளை நோக்கி ஏறும் பாதையில் மரநிழல் குளிர்ச்சியாயிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர் கால்நடையாய் மாத்தளைக்குச் சென்ற வழி அது. பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். 2023இல் மலையக மக்கள் தம் இருநூறாண்டு வரலாற்றை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தனர். குளம் வெட்டியவரும் காடு திருத்தியவரும் தேயிலை நட்டவரும் இன்றி இங்கே எந்தக் காட்சியும் இல்லை. தமக்கு முன்னால் அமர்ந்திருப்பவரின் உழைப்பையே காணாத கண், கண்ணாடிக்கு வெளியே தெரியும் பசுமைக்குள் மறைந்த உழைப்பையா காணப்போகிறது?

நம் இலக்கியத்தையும் கேட்போம். முல்லைப் பாடல்களில் வினைமுடித்து மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டுகிறான். வழிநெடுகக் கார்காலத்தின் அழகு விரிகிறது. வீட்டில் தலைவி காத்திருக்கிறாள். நெஞ்சை உருக்கும் கவிதைதான். ஆனால் அந்தப் பாகனுக்கும் ஒரு வீடு இருந்திருக்குமே! அங்கே காத்திருந்தவள் யார்? இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரும் அக்கேள்வி கேட்கப்படாமலே இருக்கிறது.

பிறரை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் ஒதுங்கிவிட முடியாது. விடுமுறை வந்தால் ஆசிரியர்களாகிய நாமும், மாணவர்களும் வான் பிடித்துச் சுற்றுலா போகிறோம். இரவு முழுதும் ஓட்டச் செய்து, பகல் முழுதும் காக்கவைத்து, மறுஇரவே ஊர் திரும்பச் சொல்கிறோம். நாம் உண்டெழுந்த பின்னரே "தம்பி சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறோம். இடைவிடாமல் 4 மணி நேரத்துக்கு மேலும், நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும் எவரும் வாகனம் ஓட்டலாகாது என்று சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 1979ஆம் ஆண்டுச் சமவாயம் கூறுகிறது. எட்டு மணி நேர வேலைக்காகச் சிந்திய இரத்தத்தை மே தினத்தில் நினைந்து முழங்கும் நாம், வானுக்குள் ஏறியதும் அதை மறந்துவிடுகிறோம்.

1958ஆம் ஆண்டு இந்நாட்டில் இரண்டு கதவுகளைத் திறந்தது. ஜனவரி முதல் நாள் பஸ் போக்குவரத்து மக்கள் உடைமையாயிற்று. அவ்வாண்டிலேயே ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வந்தது. 1979 முதல் பாதை மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. சேமலாப நிதியோ, 'நான்தான் வேலைகொள்வோன்' என்று எவரும் ஒப்புக்கொள்ளாத வாடகைச் சாரதியை எட்டவேயில்லை. காசுள்ளவனுக்குக் காரும் சாரதியும் என்றாகிவிட்டால் ஏனையோரின் வழியைப் பற்றி யார் கவலைப்படுவார்? இதே மாவட்டத்தில், கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் மிதவைப் படகில் பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் 2021 நவம்பர் 23ஆம் நாள் நீரில் மூழ்கி மாண்டார்கள். பயணம் என்பது சிலருக்குக் காட்சி, பலருக்கு உயிர்ப்பிரச்சினை.

காரில் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. அழகைக் காணும் உரிமை அனைவர்க்கும் உண்டு. அதிலே சாரதியும் அடக்கம். நாம் கோருவது இவ்வளவே: கூலியும் நேரமும் எழுத்தில் இருக்கட்டும், காத்திருப்பும் உழைப்பாகக் கணக்கிடப்படட்டும், சாரதிக்குக் கட்டிலும் குளியலறையும் தராத விடுதிக்கு அனுமதிப்பத்திரம் மறுக்கப்படட்டும், தனித்தனியே நின்று ஒருவர் கூலியை ஒருவர் அறுக்கும் சாரதிகள் சங்கமாய்த் திரளட்டும், காரில் போக முடியாதவர்க்கு நேரந்தவறாத பஸ்ஸும் ரயிலும் பாலமும் கிடைக்கட்டும்.

அடுத்த விடுமுறைக்கு நாம் வான் பேசும்போது, எத்தனை இடம் பார்க்கலாம் என்ற கேள்விக்கு முன்னே இதைக் கேட்போம்: "இரவு நீங்கள் எங்கே உறங்குவீர்கள்?" அதற்குத் தகுந்த விடை இல்லையேல், அந்தப் பயணம் தொடங்க வேண்டியதில்லை.