எலும்பைப் போடு என்று சொல்கிறவர்களுக்கு

பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட பிறகு, நம் வயதுக்காரர்கள் பலருக்கு நாய்தான் துணை. அது செருப்பு, சோபா, துடைப்பம் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. "ஒரு எலும்பைப் போடு, அடங்கிவிடும்" என்று யோசனை சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெந்த எலும்பு ஊசி ஊசியாகச் சிதறும்; தொண்டையையும் குடலையும் கிழிக்கும். கடையில் முடிச்சுப் போட்டு விற்கிறார்களே வெள்ளை எலும்பு, அது எலும்பே அல்ல, மாட்டுத்தோல். பெரிய துண்டாக விழுங்கினால் வயிற்றில் ஊறி உப்பிக் குடலை அடைக்கலாம். பழைய செருப்பைக் கொடுப்பது இன்னொரு பேதைமை. பழையது எது, புதியது எது என்று நாய்க்கு எப்படித் தெரியும்?

கடிப்பது நாயின் சுபாவம். 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கும் மாதங்களில் குட்டிக்கு ஈறு குறுகுறுக்கும். கெட்டி ரப்பர் பொம்மை வாங்குங்கள். நகத்தால் அழுத்தினால் சற்றே பள்ளம் விழ வேண்டும்; இல்லையேல் பல் உடையும். முழுதாக வாய்க்குள் போகாத அளவாக இருக்கட்டும். பிய்ந்தால் அன்றே தூக்கி எறியுங்கள்.

விலை அதிகம் என்கிறீர்களா? குடல் ஆபரேஷனுக்கு என்ன ஆகும் என்று கால்நடை டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.