காஞ்சிக்குப் போகும் வழியில் ஒரு பன்றித் தொடை

"தமிழ் கற்பிக்கும் ஒருவர் பன்றித் தொடையைப் பற்றி எழுதுவது அழகா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வெல்லப்பாகு பூசிய பன்றித் தொடையை (ஆங்கிலேயர் ஹாம் என்பார்கள்) ஸ்லோ குக்கரில் பக்குவம் செய்வது பற்றி நான் ஒரு குறிப்பு எழுதவிருப்பதாகச் சொன்னதற்கு அவர் தந்த மறுமொழி இது. நண்பர் புலால் மறுத்தவர் அல்லர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் கடையில் விடிகாலையிலேயே வரிசையில் நிற்பவர்தாம். ஆனாலும் அவருக்கு மூன்று ஆட்சேபங்கள் இருந்தன. ஒன்று, இது அயலார் உணவு. இரண்டு, இது அசுத்தம். மூன்று, இது காஞ்சிபுரத்துக்குப் பொருந்தாது. கோயிலும் பட்டும் குடலை இட்லியும் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதை எழுதலாமா என்பது அவர் கேள்வியின் சாரம்.

இந்த மூன்றும் அவர் ஒருவருடைய கருத்துகளாக இருந்தால் ஒரு தேநீரோடு முடித்திருப்பேன். இவை நம் தமிழ்த் துறைகளின் கருத்துகளுமாக இருப்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அயல் உணவு என்ற வாதம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்டது. காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு வழியெங்கும் என்னென்ன கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகும் அந்தப் பாட்டை ஓர் உணவு வரைபடமாகவே படிக்கலாம். எயினர் குடியிருப்பில் வாய் சிதைந்த பானையில் வெந்த சோறும் உலர்ந்த இறைச்சியும் தேக்கிலையில் கிடைக்கும். அரணுக்குள் செந்நெல் சோற்றோடு நாய் பிடித்துத் தந்த உடும்பின் வறுவல். மருத நிலத்தில் வெண்சோற்றோடு வீட்டுக் கோழி. வெல்லம் காய்ச்சும் ஆலைகளில் கருப்பஞ்சாறு. அந்தணர் ஊரில் நெல்லரிசிச் சோறு, வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், மிளகு, கறிவேப்பிலை, மாவடு ஊறுகாய்.

அந்த மாதுளங்காயிலிருந்து நாற்பது அடிகூடத் தாண்டவில்லை. கடற்கரைப் பட்டினம் வந்துவிடுகிறது. அங்கே கள் காய்ச்சும் பெண்கள் கலம் கழுவி ஊற்றிய நீர் சேறாகித் தேங்கியிருக்கிறது. அதில் பெண்பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. ஆண்பன்றி ஒன்றை மட்டும் அவற்றோடு சேரவிடாமல் குழியில் தனியே நிறுத்தி, நெல்லிடித்த மாவைப் பல நாள் ஊட்டி வளர்க்கிறார்கள். அதன் கொழுத்த இறைச்சியும் முற்றிய கள்ளும் பாணனுக்கு விருந்து. இறைச்சியின் தன்மை தீனியைப் பொறுத்தது, புணர்ச்சியிலிருந்து விலக்கப்பட்ட ஆணின் கொழுப்பு வேறு, ஓடியாடாத விலங்கின் தசை வேறு என்ற வளர்ப்பு நுட்பம் எல்லாம் இச்சில அடிகளில் இருக்கிறது. ஸ்பெயினில் பன்றிக்கு ஓக் மரத்துக் கொட்டையை ஊட்டி வளர்த்து அதன் தொடையைப் பொன் விலைக்கு விற்கிறார்கள். நாம் அதை மேலை நாகரிகம் என்று வியக்கிறோம். நெல்மா ஊட்டிய நம் பன்றி மட்டும் அயல் விலங்காகிவிட்டது!

காஞ்சிக்குள் போனால் என்ன? மன்னனே விருந்து வைக்கிறான். கத்தி பட்டுத் தழும்பேறிய கையை உடைய சமையற்காரன் ஆக்கிய பலவகை இறைச்சிகளின் கொழுத்த துண்டுகள். தேர்ந்தெடுத்த நெல்லரிசிச் சோறு. பாணர்களைத் தன் பிள்ளைகளைப் போல் பார்த்துப் பார்த்து ஊட்டுகிறான் இளந்திரையன். சில நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. ஏழாம் நூற்றாண்டில், பல்லவன் மகேந்திரவர்மன் இதே ஊரைக் களமாக வைத்து மத்தவிலாசப் பிரகசனம் எழுதுகிறான். காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. அதில் சுட்ட இறைச்சி இருந்ததால் நாய் தூக்கிப் போயிருக்குமோ, பௌத்தத் துறவி தூக்கிப் போயிருப்பாரோ என்பதுதான் நாடகத்தின் சிக்கலே. 'காஞ்சிக்குப் பொருந்தாது' என்று சொல்பவர்கள் எந்தக் காஞ்சியைச் சொல்கிறார்கள்? இளந்திரையனுடையதையா, மகேந்திரவர்மனுடையதையா, சுற்றுலாத் துண்டறிக்கையினுடையதையா?

பக்தியைத் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரையே விடையாகத் தருகிறேன். காளத்தி மலையில் திண்ணனார் முதலில் வீழ்த்தியது ஒரு காட்டுப்பன்றி. அதைத் தீயில் வதக்கி, எந்தத் துண்டு சுவையானது என்று பல்லால் கடித்துப் பார்த்துத் தேர்ந்து, குடுமித்தேவருக்குப் படைக்கிறார். அடுத்தடுத்த நாள்களில் இறைச்சியோடு தேனையும் பிழிந்து கலக்கிறார். தீயில் வெந்த பன்றி இறைச்சி, மேலே இனிப்பு. 'கிளேஸ்டு ஹாம்' என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்து விற்பதன் தத்துவம் இதைவிட வேறென்ன? அருவருத்துச் சந்நிதியைக் கழுவிய சிவகோசரியாரிடம் கனவில் வந்த இறைவன், அந்த வேடன் தருவது தனக்கு இனியது என்றுதான் சொன்னார். கண்ணப்பரைச் சிவாலயங்களின் அறுபத்துமூவர் வரிசையில் நிறுத்திக் கும்பிடுகிறோம். அவர் கையில் இருந்தது என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால் 'பக்தி' என்று பதில் சொல்கிறோம்.

இரண்டாவது ஆட்சேபம், அசுத்தம். இதில் அறிவியல் போலத் தோன்றும் ஒரு பகுதி இருக்கிறது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. பன்றி நாடாப்புழு உண்மையான நோய்க்காரணி. அதன் இளநிலைக் கட்டிகள் மூளையில் தங்கினால் வலிப்பு வரும். ஆனால் அந்தக் கட்டிகள் எப்படி மூளைக்குப் போகின்றன? சரியாக வேகாத இறைச்சியைத் தின்றவருக்குக் குடலில் புழு வளர்கிறது. அவர் மலத்தோடு முட்டைகள் வெளியேறுகின்றன. அந்த முட்டைகள் கலந்த நீரையோ கழுவாத கீரையையோ உட்கொண்டவருக்குத்தான் மூளையில் கட்டி. அவர் ஆயுளில் ஒரு துண்டு பன்றிக்கறி தின்னாதவராகவும் இருக்கலாம். பன்றிக்கும் இந்நோய் மனித மலத்திலிருந்தே வருகிறது. ஆக, குற்றவாளி நம் சாக்கடையும் திறந்தவெளியும்தான். மனிதனை மனிதன் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் என்று இயற்ற வேண்டியிருந்த நாடு இது. அழுக்கை ஒரு சாராரின் தலையிலும் அதைத் தின்னும் வேலையைப் பன்றியின் வாயிலும் வைத்துவிட்டு, பிறகு அந்த மனிதரையும் அந்த விலங்கையும் அசுத்தம் என்று அழைப்பது எவ்வளவு வசதியான ஏற்பாடு! குழியில் நிறுத்தி நெல்மா ஊட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்றைய முறையான பண்ணைகளுக்கும் இல்லை.

என் சண்டை புலால் மறுத்தவர்களோடு அல்ல. வள்ளுவர் ஓர் அதிகாரமே அதற்கு ஒதுக்கினார். அந்தப் பத்துக் குறளையும் எடுத்துப் பாருங்கள்: உயிர்க்கொலையைப் பேசுகிறார், அருளைப் பேசுகிறார், எந்த விலங்கு உயர்ந்தது, எது இழிந்தது என்று ஓரிடத்திலும் பேசவில்லை. அது ஒரு முழுமையான அறம். அதன்படி வாழ்பவர் என் வணக்கத்துக்குரியவர். சமய நெறியாகப் பன்றியை விலக்கும் இஸ்லாமிய அன்பர்களோடும் எனக்கு வழக்கில்லை. அவர்கள் காரணத்தை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். ஆட்டை உண்டு, கோழியை உண்டு, பன்றி என்றதும் மூக்கைப் பொத்துபவரிடம்தான் கேட்கிறேன்: உங்கள் காரணம் என்ன? அது அறமும் அன்று, சமயமும் அன்று. அந்த விலங்கை வளர்ப்பவர் யார் என்பதுதானே உங்கள் காரணம்? சொல்ல வெட்கமாக இருப்பதால்தானே 'அயல்' என்றும் 'அசுத்தம்' என்றும் சுற்றிவளைக்கிறீர்கள்?

தூய்மை பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பட்டையும் நினைத்துக்கொள்ளலாம். பட்டு மடித்துணி. அதை உடுத்தால் தீட்டில்லை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்கள் வெப்பத்தில் மடிகின்றன. அதற்காக நெசவாளரைப் பழிக்கவில்லை. தறியில் அவர் படும் பாடு எனக்குத் தெரியும். எந்த உயிரின் சாவு தூய்மை, எந்த உயிரின் சாவு தீட்டு என்பதை உயிரியல் முடிவு செய்வதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பாத்திரங்களுக்குச் சாதி சமயம் இல்லை என்பதற்கு அந்த ஸ்லோ குக்கரே சான்று. அமெரிக்காவில் அதற்கு 1940இல் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்சன் ஒரு யூதர். யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே லித்துவேனியாவின் வில்னா நகரில் வெள்ளிக்கிழமை மாலையே ரொட்டிக் கடையின் அடுப்பில் பானையை வைத்துவிடுவார்களாம். அடுப்பு ஆற ஆற, 'சோலன்ட்' என்னும் பயறும் இறைச்சியும் கலந்த உணவு இரவு முழுக்க வெந்திருக்குமாம். தாய் சொன்ன அந்தக் கதையிலிருந்து பிறந்தது நாக்சனின் கருவி. 1971இல் 'கிராக்பாட்' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. பன்றியை விலக்கிய மக்களின் சமையல் நுட்பத்தில் இன்று அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் பன்றித் தொடையை வேகவைக்கிறார்கள். யாரும் கருவியைக் கழுவி எடுக்கவில்லை. மெல்ல வேகவைப்பது நமக்கும் புதிதன்று. வரதராஜப் பெருமாள் கோயிலின் இட்லி, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மூன்று மணி நேரம் ஆவியில் வேகிறது. பொறுமைதான் அதன் சுவை. அதே பொறுமையைத்தான் இந்தத் தொடையும் கேட்கிறது.

எழுத நினைத்த குறிப்பையும் தந்துவிடுகிறேன். உப்பில் பதப்படுத்தி ஏற்கனவே வேகவைத்த தொடை சென்னையின் பெரிய கடைகளில் கிடைக்கிறது. இரண்டு கிலோ துண்டுக்கு ஒரு குவளை நீரோ அன்னாசிச் சாறோ ஊற்றி, குறைந்த சூட்டில் நான்கு முதல் ஆறு மணி நேரம். உப்பு சேர்க்கவே கூடாது. அதற்குள் போதிய உப்பு இருக்கிறது. நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். பச்சை இறைச்சியானால் 63 டிகிரியும் பிறகு மூன்று நிமிட ஓய்வும் குறைந்த அளவு. நார் நாராகப் பிரிய வேண்டுமானால் 90ஐ ஒட்டிப் போக வேண்டும், அப்போதுதான் தசையை இணைக்கும் கொல்லாஜன் கூழாக இளகும். உறைந்த இறைச்சியை அப்படியே கருவிக்குள் வைக்காதீர்கள். அது சூடேறும் நேரத்தில் கிருமிகள் பெருகும். மெருகு மட்டும் குக்கருக்குள் ஏறாது. மூடிக்குள் நீராவி நிற்கும்வரை பாகு இறுகாது. ஆகவே வெல்லம், தேன், அரைத்த கடுகு, மிளகு, கிராம்பு, சிறிது புளிக்கரைசல் ஆகியவற்றைத் தனியே காய்ச்சித் தொடைமேல் பூசி, 200 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். அந்த அடுப்பு இல்லாதவர்கள் இரும்புச் சட்டியில் பாகைச் சுண்டவிட்டு, தொடையை அதில் புரட்டி எடுக்கலாம். உண்ணாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் பாட்டின் அடிகளைத் தாண்டிச் செல்லக் கூடாது.

ஏனெனில் உண்மையான பாதிப்பு அடுக்களையில் நிகழவில்லை, வகுப்பறையில் நிகழ்கிறது. பத்துப்பாட்டை நடத்தும் ஆசிரியர் ஒருவர் கள்ளடும் மகளிர் வரும் இடத்தில் "இது தேர்வுக்கு வராது" என்று பக்கத்தைப் புரட்டியதைக் கேட்டிருக்கிறேன். அந்த வகுப்பில் பன்றி வளர்க்கும் வீட்டிலிருந்து வந்த மாணவன் ஒருவன் இருந்தால் அவனுக்கு என்ன போய்ச் சேர்கிறது? உன் வீட்டுத் தொழில் செம்மொழியில் இருக்கிறது, ஆனால் அதை உரக்க வாசிக்க மாட்டோம் என்ற செய்திதானே? இரண்டாயிரம் ஆண்டுப் பெருமையில் அவனுக்கு உரிய பங்கை அந்த ஒரு புரட்டலில் பறித்துவிடுகிறோம்.

பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே. சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்த ஆண்டு 1889. தம் வாழ்நாளில் புலால் தொடாத அந்தப் பெரியவர், அந்தப் பன்றி அடிகளில் ஓர் எழுத்தைக்கூட மறைக்கவில்லை. ஏடு சொன்னதை அப்படியே தந்தார். உரைகாரரும் முகம் சுளிக்காமல் பொருள் எழுதினார். அவர்களுடைய ஆசாரம் அவர்களுடைய இலைக்குள் நின்றது, பாட்டுக்குள் நுழையவில்லை. புலமை என்பது அந்த நேர்மைதான். அவர்கள் காட்டிய நேர்மையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தும் நாம் காட்ட முடியாதா?

இதே அடிகளை எடுத்துக்கொண்டு 'பார், சங்கத்தமிழன் பன்றி தின்றான்' என்று யாரையோ சீண்டக் கிளம்புபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாதுளங்காயும் அதே பாட்டில்தான் இருக்கிறது. உருத்திரங்கண்ணனார் ஒன்றைக் காட்டி மற்றொன்றை இழிக்கவில்லை. யார் வீட்டில் எது இருந்ததோ அதை அவர்கள் மனமுவந்து தந்தார்கள், பசித்தவன் நன்றியோடு உண்டான் என்று எழுதினார். அந்தப் பாணன் எந்த வாசலிலும் முகம் சுளிக்காமல்தான் காஞ்சிக்கு வந்து சேர்ந்தான். அடுத்த கல்வியாண்டில் பெரும்பாணாற்றுப்படையைக் கையில் எடுக்கும் ஆசிரிய நண்பர்களே, அந்த 500 அடிகளையும் ஓரடி விடாமல் உரத்து வாசியுங்கள்.