விசாரணைக்கு முன்பே தண்டனையா?

2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மோதல் மூண்டிருந்த வேளையில், புனேயில் பொறியியல் பயின்ற 19 வயது மாணவி ஒருவர், மத்திய அரசு போரைத் தூண்டுவதாகக் குறைகூறும் பதிவொன்றை இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தார். எதிர்ப்பு எழுந்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் அதை அகற்றி, மன்னிப்பும் கேட்டார். ஆயினும், கல்லூரி அவரை நீக்கியது. காவல் துறை கைது செய்தது. மே 27-ல் மும்பை உயர் நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் வழங்கியது. விளக்கம் கேட்காமலேயே பிறப்பிக்கப்பட்ட நீக்க உத்தரவை நிறுத்திவைத்துத் தேர்வெழுதவும் வழிசெய்தது. அதற்குள் தேர்வுகள் தொடங்கிவிட்டிருந்தன.

அந்தப் பதிவின் வாசகங்கள் பலருக்கு ஏற்புடையவை அல்ல. எல்லையில் ராணுவ வீரர்கள் உயிரைப் பணயம் வைத்து நிற்கும்போது இப்படியா எழுதுவது என்று கேட்பவர்களின் மனவேதனையும் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால், கருத்து தவறானது என்பது வேறு. அதற்காக ஒரு மாணவியின் படிப்பையே பறிப்பது வேறு. பிள்ளைகளைத் திருத்த வேண்டிய கல்வி நிலையமே, அவர்கள் தரப்பைக் கேளாமல் முதல் தண்டனையை வழங்குவது எந்த வகையில் நியாயம்?

இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கேரளத்தில் 1985-ல் தேசிய கீதம் பாட மறுத்ததற்காக மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். கீதம் இசைக்கப்பட்டபோது அவர்கள் மரியாதையுடன் எழுந்து நின்றதைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், அந்த நீக்கம் கருத்துச் சுதந்திரத்துக்கும் மத சுதந்திரத்துக்கும் எதிரானது என்று 1986-ல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலோ, வியத்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்குச் சென்ற மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பள்ளியின் செயல்பாட்டுக்குக் கணிசமான இடையூறு நேராதவரை அவர்களைத் தடுக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1969-ல் கூறியது.

இந்தத் தீர்ப்புகள் நீதிமன்றத்தை எட்ட முடிந்தவர்களுக்குத்தான் உடனடிப் பயன் தருகின்றன. மும்பையின் ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ள ஒரு மாணவன் "போர் வேண்டாம்" என்று அட்டை பிடித்தால், அவனுக்கு முன்பாக அஞ்சுவது அவனது பெற்றோராகத்தான் இருக்கும். ஏனெனில், சட்டப்படி அமைந்த அரசைக் கவிழ்க்க முனையும் நடவடிக்கைகளில் குடும்பத்தினர் ஈடுபடாமல் தடுக்க ஊழியர் முயல வேண்டும், இயலாவிட்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதி. அமைதி கோருவது அரசைக் கவிழ்ப்பதாகாது. எனினும், எந்த அதிகாரி எப்படிப் பொருள் கொள்வாரோ என்ற அச்சமே பிள்ளையின் வாயை அடைத்துவிடும்.

கட்டாயக் கல்விச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. நாட்டு நடப்பைப் பற்றி மாணவர்கள் சொந்தமாகச் சிந்திக்கத் தொடங்குவதும் அந்த வயதில்தான். இந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு உண்டு. எழுத்து மூலம் விளக்கம் கேட்காமலும், பெற்றோர் முன்னிலையில் விசாரிக்காமலும் எந்த மாணவரையும் நீக்கக் கூடாது. விசாரணை முடியும் வரை தேர்வெழுதத் தடை கூடாது. இவ்விரண்டையும் சட்டமாக்கினால் போதும். வன்முறையைத் தூண்டுவோர்மீது நடவடிக்கை எடுக்க அது தடையாகாது.

18 வயதில் வாக்குரிமை தரும் நாடு, 17 வயது வரை வாய்மூடி இருக்கப் பழக்கினால், வாக்குச்சாவடிக்கு வருபவர் குடிமகனாக வருவாரா, பயந்தவராக வருவாரா என்பதை ஆட்சியாளர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.