சாப்பாவும் ஒப்புதல் படிவமும்

மருந்தாய்வுகளுக்கு ஆள் சேர்வதில்லை என்பது நம் கருத்தரங்குகளில் ஓயாத புலம்பல். மக்களின் அறியாமையே காரணம் என்பது அதற்கு நாம் வைத்திருக்கும் ஆயத்த விடை. மட்டாஞ்சேரியில் வசிக்கும் ஆய்வு மாணவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன்.

பஜார் சாலையின் மிளகுக் கிடங்குகளில் முப்பதாண்டுகள் மூட்டை சுமந்த தமிழர் ஒருவர், இரத்த அழுத்த மருந்தாய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தோடு என்னிடம் வந்தார். படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மலையாளம் அவருக்குப் பேச வரும், படிக்க வராது. இரண்டு மணி நேரம் பொருள் சொன்னேன். முடிவில் அவர் கேட்டது ஒன்றே: "ஆய்வு முடிஞ்ச மறுநாள் மாத்திரை யார் தருவாங்க தம்பி?" படிவத்தில் அதற்கு விடையில்லை. இங்கே அறியாமை யாருடையது?

மக்களின் தயக்கத்துக்கு வரலாறு உண்டு. 1999-2000இல் திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகளிடம் நடந்த மருந்துச் சோதனை, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக நெறிக்குழுவின் ஒப்புதலின்றி நடந்தது என்பதை 2001இல் அப்பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. கம்மத்தில் 2009-10இல் பழங்குடிச் சிறுமியருக்கு எச்பிவி தடுப்பூசி போடப்பட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டனர். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கண்டித்தது.

ஆனால், இவற்றைச் சொல்லி "ஏழைகளைச் சோதனை எலிகளாக்காதீர்" என்று ஆய்வுகளையே புறந்தள்ளும் தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அழுத்தத்தை 120க்குக் கீழ் இறக்குவது இதயத்தைக் காக்கும் என்று 2015இல் காட்டிய ஸ்பிரிண்ட் ஆய்வின் 9,361 பேரும் அமெரிக்காவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் சேர்க்கப்பட்டவர்கள். நமக்கு எந்த இருமருந்துக் கூட்டு ஏற்றது என்பதை அறிய, இந்தியர் 1,981 பேர் டாப்ஸ்பின் ஆய்வில் சேர வேண்டியிருந்தது. சோதிக்கப்பட்ட மூன்று கூட்டுகளும் ஏறத்தாழ ஒரே பலன் தந்தன. அந்த எளிய உண்மையும் அவர்கள் தந்த கொடையே. நாம் விலகி நின்றால், பிறர் உடல்கள் தந்த விடைகளையே நம் உடல்களுக்கும் பொருத்திக்கொண்டிருப்போம்.

எனவே கேள்வி, சேர்வதா வேண்டாமா என்பதன்று. எந்த நிபந்தனையில் என்பதே. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்தாய்வுகள் விதிகள் ஆய்வால் நேரும் பாதிப்புக்கு மருத்துவமும் இழப்பீடும் உறுதி செய்கின்றன. ஆய்வு முடிந்தபின் புதுமருந்தை இலவசமாகப் பெறும் உரிமைக்கோ, வேறு சிகிச்சை இல்லாத நோயாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரைகள் ஏராளம். ஆகவே அந்தப் பெரியவர் சட்டத்தின் கதவுக்கு வெளியே நிற்கிறார். வாழ்நாள் முழுதும் விழுங்க வேண்டிய மாத்திரையின் ஆய்வில் மறுநாளைக்கு இடமில்லை என்பது, நோயின் இயல்பையே மறந்த சட்டம்.

இவ்வூர்த் துறைமுகத்தில் ஒருகாலத்தில் சாப்பா முறை இருந்தது. கூட்டத்தின் நடுவே வேலைச்சீட்டாக உலோக வில்லைகளை வீசுவார்கள். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைய வேலை. நாளை அவன் யாரோ. அதை எதிர்த்த தொழிலாளர் மீது 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. மறுநாளைப் பற்றிப் பேசாத ஒப்புதல் படிவமும் ஒரு சாப்பாதான்.

ஆய்வாளர்களே, மூன்றை எழுத்தில் தாருங்கள். படிவம் பங்கேற்பாளர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் வழங்கும் மட்டாஞ்சேரியில் இது சலுகையன்று. ஆய்வுக்குப் பின்னான சிகிச்சைக்கு, சட்டம் கேட்காவிட்டாலும், ஆய்வுத் திட்டத்திலேயே நிதி ஒதுக்குங்கள். முடிவுகளை ஆய்விதழுக்குச் சொல்வதுபோல் பங்கேற்றவருக்கும் சொல்லுங்கள்.

அந்தப் படிவம் இன்னும் என் மேசைமேல் கிடக்கிறது. விடையோடு வாருங்கள், கையெழுத்திட அவர் தயார்.