கடைசிக் குழாயிலிருந்து கணக்கெடு!



2022 செப்டம்பர் 5ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். பெங்களூர்த் தெருவெல்லாம் வெள்ளம். குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை! மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. முதலமைச்சரே ஓடிப்போய்ப் பார்த்தார். நகரின் பல பகுதிகளுக்கு இரண்டு நாள் காவிரி நின்றது.

காவிரி தானாக ஓடி இங்கு வருவதில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு, 500 மீட்டர் உயரம். தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என மூன்று இடங்களில் மின்சாரம் அதைத் தூக்கிவிடுகிறது. 1974இல் முதல் கட்டம் வந்தது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். எல்லாம் அதே தொரேகாடனஹள்ளி வழியாகத்தான்! ஒரே கயிற்றில் இன்னொரு குடத்தைக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2019இல் பிரதமர் நியூயார்க்கில், பேரிடர் தாங்கும் உள்கட்டமைப்புக்கென்று பன்னாட்டுக் கூட்டணி ஒன்றை அறிவித்தார். தலைமையகம் டில்லியில். உலகுக்குப் பாடம் சொல்லட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் எதை அவர்கள் ‘தாங்குவது’ என்கிறார்கள்? மாடிவீட்டுக்காரனுக்கு நிலத்தடித் தொட்டி உண்டு, மொட்டைமாடித் தொட்டி உண்டு, கூப்பிட்டால் லாரி உண்டு. இரண்டு நாளை அவன் தாங்குவான். நம் வீட்டில் ஐந்து குடம்! சித்தாள் வேலைக்குப் போகும் பெண் குழாயடியில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலி எந்தத் திட்ட அறிக்கையில் நட்டமாக எழுதப்பட்டிருக்கிறது?

2024 கோடையில் 14,000 அரசு ஆழ்குழாய்க் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக முதலமைச்சர் சொன்னார். காவிரித் தண்ணீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். காரில்லாதவனுக்கு என்ன சொன்னது?

காவிரி என்றதும் 1991 டிசம்பர் நமக்கு நினைவு வரும். அடிபட்டவர்கள் நாம், மறக்க முடியாது. ஆனால் இன்று குழாயடியில் நமக்கு முன்னால் நிற்பவள் கன்னடத்துச் சகோதரி. அவள் கையிலும் வெறுங்குடம்தான். அவளையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்: நீரேற்று நிலையங்களுக்கு வெள்ளத்தடுப்பும் மாற்று மின்வழியும் கட்டு, கூடவே ஒவ்வொரு குடிசைப்பகுதியிலும் இரண்டு நாள் தண்ணீர் பிடிக்கும் பொதுத்தொட்டி கட்டு. ஒதுக்கும் பணத்தைக் கடைசிக் குழாயிலிருந்து கணக்கெடு!

குடிநீர் வாரியத்துக்கு மனு எழுதுவோம். உங்கள் தெருவில் எத்தனை குழாய், எந்த நாளில், எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று குறித்து, அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் அழைத்து வாருங்கள்.