தொலைபேசியருகே ஒரு விமானி



காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம். பிரயாணிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அதைச் செலுத்த வேண்டியவருக்கோ இரவு முழுவதும் காய்ச்சல். என்ன செய்வார்கள்? பஸ் சாரதிக்கு வருத்தமென்றால் டிப்போவில் நிற்கும் இன்னொருவரை ஏற்றிவிடலாம். விமானத்தில் அது நடவாது. அந்த வகை விமானத்துக்கென்றே பயிற்சி பெற்றுத் தகுதி எடுத்தவர்தான் அதன் ஆசனத்தில் அமரலாம். ஆகவே விமான நிறுவனங்கள் ஒரு தொகை விமானிகளை, குறிப்பிட்ட பறப்பு எதுவும் கொடுக்காமல், கூப்பிட்டால் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு வைத்திருக்கின்றன. இவர்களை ரிசேர்வ் விமானிகள் என்பார்கள்.

"வானத்தில் பறப்பவருக்குக் கை நிறையச் சம்பளம், அவர் கதை நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த ஏற்பாட்டின் பாரத்தில் பாதி வீட்டிலிருப்பவர்களின் தலையில்தான் விழுகிறது. அமெரிக்காவில் இதன் விதிகள் விபரமாக எழுதப்பட்டிருப்பதால், அந்நாட்டு நடைமுறையையே சொல்கிறேன்.

முதலில் கூலியைப் பார்ப்போம். அங்கு விமானிக்குச் சம்பளம் மணித்தியாலக் கணக்கில். அதிலும் எந்த மணித்தியாலம்? சீருடை அணிந்து வீட்டை விட்டு இறங்கிய நேரமல்ல. விமான நிலையத்தில் காலநிலை அறிக்கை பார்த்த நேரமல்ல. பெரும்பாலான நிறுவனங்களில் பிரயாணிகள் ஏறும் நேரமுமல்ல. கதவு மூடி, விமானம் நின்ற இடத்தை விட்டு அசையும்போதுதான் கணக்கு ஓடத் தொடங்குகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தியதும் அதுவும் நின்றுவிடுகிறது. இரண்டு பறப்புகளுக்கு இடையில் மூன்று மணித்தியாலம் சும்மா குந்தியிருந்தால், அதற்குப் பெரும்பாலும் சாப்பாட்டுச் செலவுக்கான சிறு கொடுப்பனவு மாத்திரமே. ஒரு நாளைக்குக் குறைந்தது இவ்வளவு என்று சில ஒப்பந்தங்கள் ஈடுசெய்வதும் உண்டு. ஆனாலும் அடிப்படைக் கணக்கு இதுதான். அடுப்பு எரிந்த நேரத்துக்கு மட்டும் கூலி. அரிசி களைந்ததற்கும் தேங்காய் திருவியதற்கும் சட்டி கழுவியதற்கும் கூலியில்லை என்று உங்களிடம் ஒருவர் சொன்னால் எப்படியிருக்கும்!

அப்படியானால், அழைப்பே வராமல் வீட்டிலிருக்கும் ரிசேர்வ் விமானிக்கு என்ன கிடைக்கும்? அவருக்கு மாத உத்தரவாதம் என்று ஒன்று இருக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டாலும், பொதுவாக 70 முதல் 80 மணித்தியாலம் வரையான கூலி. கணக்குக்காக மணித்தியாலத்துக்கு 100 டொலர், உத்தரவாதம் 75 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதம் அவர் 20 மணித்தியாலமே பறந்திருந்தாலும் 7,500 டொலர் கைக்கு வரும். 82 மணித்தியாலம் பறந்திருந்தால் 8,200. ஆனால் ரிசேர்வ் நாளில் அழைப்பை எடுக்காமல் விட்டால் அந்த நாளுக்குரிய பங்கு உத்தரவாதத்திலிருந்து வெட்டப்படலாம். ஒழுங்கு விசாரணையும் வரலாம்.

கூலியாள் பற்றிய பாடத்தை அரபு மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தையற்காரர் போல முடித்த வேலைக்குக் கூலி பெறுபவர் ஒரு வகை. குறித்த காலத்துக்குத் தன்னையே ஒப்படைத்தவர் இன்னொரு வகை. இரண்டாமவர் வேலைக்கு ஆயத்தமாக இருந்தாலே கூலிக்கு உரியவர், எசமான் வேலை கொடுக்காவிட்டாலும் சரி. அமெரிக்க விமானி பறக்கும் மாதத்தில் முதல் வகை, ரிசேர்வ் மாதத்தில் இரண்டாம் வகை.

இனி, காத்திருப்பது எப்படி? இதில் மூன்று விதம் உண்டு. நீண்ட அழைப்பு என்பது இலேசானது: அரை நாள் அளவுக்கு முன்னரே சொல்லிவிடுவார்கள், ஆறுதலாகப் பெட்டியை அடுக்கலாம். விமான நிலையத்திலேயே சீருடையோடு அமர்ந்து காத்திருப்பது இன்னொரு விதம். அந்த நேரம் முழுவதும் கடமை நேரமாகவே கணக்கிடப்படும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய அழைப்புத்தான் வீட்டைப் படுத்துகிறது. தொலைபேசி மணி அடித்தால், பல நிறுவனங்களில், ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பிள்ளையைப் பாடசாலையில் விடப் போனாலும் மனம் பையிலிருக்கும் தொலைபேசியிலேயே. கலியாண வீட்டுக்கு அழைப்பு வந்தால் "வருவோம்" என்றும் சொல்ல முடியாது, "வரமாட்டோம்" என்றும் சொல்ல முடியாது. நாள் முழுவதும் மணி அடிக்காமலே முடிந்துபோவதும் உண்டு. அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தாரா, இல்லையா என்று கேட்டால் மனைவியால் பதில் சொல்ல இயலாது.

விமான நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் பாக்கியசாலிகள். பலர் வேறு மாநிலத்தில் குடும்பத்தை வைத்துவிட்டு, விமானத்திலேயே வந்து வேலைக்கு ஏறுகிறார்கள். குறுகிய அழைப்பு நாட்களில் வீட்டிலிருக்க முடியாதல்லவா? எனவே பத்துப் பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்து, அடுக்குக் கட்டில்களில் முறை வைத்துப் படுக்கிறார்கள். நியூயோர்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதி இத்தகைய விடுதிகளுக்குப் பேர்போனது. வாடகை அவரவர் சட்டைப்பையிலிருந்து.

இந்தக் காத்திருப்புக்கு எல்லை கட்டப்பட்ட கதை துக்கமானது. 2009 பெப்ரவரி 12 ஆம் திகதி இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கொல்கன் எயார் நிறுவனத்தின் 3407 ஆம் இலக்க விமானம் தரையிறங்குமுன் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும், வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். துணை விமானியான இளம்பெண் நாட்டின் மறுகரையிலுள்ள சியாட்டிலிலிருந்து இரவோடிரவாக விமானம் மாறி வந்திருந்தார், தடிமனும் பிடித்திருந்தது. கெப்டன் முந்திய இரவை விமான நிலையத்தின் ஊழியர் அறையில் கழித்திருந்தார். வேகம் குறைந்ததற்கான எச்சரிக்கை வந்தபோது கெப்டன் தவறாகச் செயற்பட்டதே காரணம் என்று விசாரணைச் சபை தீர்த்தது. களைப்பும் அவர்களைப் பாதித்திருக்கலாம், எவ்வளவு என்று அளவிட முடியவில்லை என்றும் எழுதியது. இவ்விருவரும் அன்று ரிசேர்வில் இருந்தவர்கள் அல்லர். ஆனாலும் விமானிகள் எங்கே உறங்குகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பதை நாடு முதன்முறையாக அன்றுதான் கேட்டறிந்தது எனலாம்.

இறந்தவர்களின் குடும்பத்தார் அழுதுவிட்டு வீட்டில் இருந்துவிடவில்லை. தாய்மார், மனைவிமார், தந்தைமார் திரும்பத் திரும்ப வாஷிங்டனுக்குப் போய் சட்டசபை உறுப்பினர்களின் வாசலில் நின்றார்கள். 2010 ஓகஸ்டில் சட்டம் நிறைவேறியது. அதன் வழியே வந்த புதிய ஓய்வு விதிகள் 2014 ஜனவரி 4 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. அதன்படி குறுகிய அழைப்புக் காத்திருப்பு ஒரே தொடரில் 14 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் 10 மணித்தியால ஓய்வு, அதில் 8 மணித்தியாலம் இடையூறின்றி உறங்க வாய்ப்பு. இரண்டு விமானிகள் மட்டும் செல்லும் பறப்பில், காத்திருந்த நேரமும் கடமை நேரமும் சேர்ந்து 16 மணித்தியாலத்தை மிஞ்சக் கூடாது. ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் "நான் கடமைக்குத் தகுதியான நிலையில் இருக்கிறேன்" என்று விமானி உறுதி கூற வேண்டும். சரக்கு விமானங்களுக்கு மட்டும் இவ்விதிகள் கட்டாயமாக்கப்படவில்லை. பெட்டிகளை ஏற்றிச் செல்பவருக்குத் தூக்கம் வராதா என்ன?

யார் ரிசேர்வில் இருப்பது என்பதைத் தீர்மானிப்பது திறமையல்ல, சேவை மூப்பு. நிறுவனத்தில் சேர்ந்த திகதிப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். முன் இலக்கத்தார் விரும்பிய பறப்புகளையும் விடுமுறைகளையும் எடுத்த பின் மிஞ்சுவதே கடைசி இலக்கத்தாருக்கு. வேறு நிறுவனத்துக்கு மாறினால், இருபது வருட அனுபவம் இருந்தாலும், அங்கே மீண்டும் கடைசிதான். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் விமானிகள் போதாமையால் சம்பளங்கள் நன்றாகவே உயர்ந்தன. ஆனால் இந்த வரிசை மாறவில்லை.

இதில் ஒரு விசித்திரம். பல வருடம் துணை விமானியாக இருந்து மூப்பு சேர்த்தவருக்கு வார இறுதி விடுமுறையும் நிச்சயமான பறப்புகளும் கிடைத்திருக்கும். அவர் கெப்டனாகப் பதவி உயர்ந்தால், கெப்டன்மாரின் வரிசையில் அவரே கடைசி. சம்பளம் கூடும், அதோடு ரிசேர்வும் திரும்ப வரும். 2023 இல் யுனைட்டெட் எயார்லைன்ஸில் கெப்டன் பதவிகள் பல ஆளின்றி வெறுமையாகக் கிடந்தன. தகுதியுள்ள துணை விமானிகள் இருந்தார்கள், விண்ணப்பிக்கவில்லை. காரணம் கேட்டபோது பலரும் சொன்னது வீட்டைப் பற்றித்தான்.