இல்லமும் இளஞ்சிறாரும்: தலைநகரில் ஒரு ஞாயிறு

தில்லியில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையிடம் யாரேனும் "உன் ஊர் எது?" என்று வினவினால், "கும்பகோணம்" என்றோ "திருநெல்வேலி" என்றோ விடை கூறப் பழக்கி வைத்திருப்போம். நல்ல பழக்கமே. ஆயினும், ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் மட்டுமே கண்ட அவ்வூர் குழந்தைக்குப் பெயரளவில்தான் ஊர். எஞ்சிய நாளெல்லாம் அது வாழ்கின்ற தில்லியோ, பள்ளிப் பேருந்தின் சாளரம், அடுக்கு வீட்டின் மாடம், கடைத்தொகுதியின் மின்படிக்கட்டு என்ற மூன்றனுள் அடங்கிவிடுகின்றது. நம் குழந்தைக்கு இரண்டு ஊர் உண்டென்று நாம் மகிழ்ந்திருக்கிறோம். உண்மையில் ஓர் ஊரேனும் அதற்கு முழுமையாக வாய்த்ததா என்பதே ஐயம்.

ஆகவே, இரண்டு வயது முதல் எட்டு வயது வரையுள்ள சிறாரை அழைத்துக்கொண்டு நகருக்குள்ளேயே உலாப் போவது பற்றி இம்மாதம் சில சொல்ல விரும்புகிறோம்.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஒரே நாளில் செங்கோட்டை, இராஜ்காட், இந்தியா கேட், குதுப் மினார் ஆகிய அனைத்தையும் காட்டி, இரவே இரயிலேற்றி விடுவது நம் விருந்தோம்பல் முறை. பெரியவர்கள் நாகரிகம் கருதிப் பொறுத்துக்கொள்வர். நான்கு வயதுக் குழந்தை பொறுத்துக்கொள்ளாது. இரண்டாவது இடத்தில் சிணுங்கும், மூன்றாவது இடத்தில் அழும், நான்காவது இடத்தில் தந்தையின் தோளில் உறங்கிவிடும். ஒரு ஞாயிறுக்கு ஓரிடம், அதுவும் முற்பகல் மட்டும் என்று வரையறுத்துக்கொள்க. பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்பிவிட்டால், மறு ஞாயிறும் போகலாமா என்று குழந்தையே கேட்கும்.

முதன்முதலாகப் புறப்படுவோர்க்கு லோதி தோட்டத்தையே கூறுவோம். நுழைவுக் கட்டணம் இல்லை. வார விடுமுறையும் இல்லை. ஜோர்பாக் மெட்ரோ நிலையத்திலிருந்து எளிதில் அடையலாம். சுமார் 90 ஏக்கர் பரப்பில் புல்வெளியும் நிழலும் நீர்நிலையும் அமைந்த அத்தோட்டத்தின் நடுவே சையத், லோதி அரசர்களின் கல்லறைகள் உயர்ந்து நிற்கின்றன. முகம்மது ஷா 1445-இலும் சிக்கந்தர் லோதி 1517-இலும் மறைந்தவர்கள். இவ்வாண்டுகளைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கும்மட்டத்தின் கீழே நின்று ஒருமுறை கூவச் சொல்லி, எதிரொலியைக் கேட்கச் செய்தாலே போதும். வரலாறு பின்னர்த் தானே வந்து சேரும்.

அங்கே அணில்கள் மிகுதி. அவற்றைச் சற்று உற்று நோக்குமாறு சொல்லுங்கள். இராமபிரான் மூன்று விரலால் தடவியதால் அணிலுக்கு மூன்று கோடுகள் உண்டாயின என்ற கதையை நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். தென்னாட்டு அணிலுக்கு அக்கதை பொருந்தும். தில்லி அணிலுக்கோ முதுகில் மூன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக ஐந்து கோடுகள்! இஃது உண்மையிலேயே வேறு இனம். வட இந்தியாவில் பரவலாக வாழ்வது. குழந்தை தானே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். எஞ்சிய இரண்டு கோடுகளுக்குக் கதை என்னவென்று கேட்டால் பாட்டிதான் விடை கூறவேண்டும். அத்தகைய வினாக்களுக்கு விடை காண்பதில் நம் பாட்டிமார் தோற்றதில்லை.

நான்கு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு சாணக்கியபுரியிலுள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்தினும் சிறந்த இடம் இல்லை. 1977-இல் திறக்கப்பெற்றது, திங்கட்கிழமை மூடியிருக்கும். பழைய நீராவி எஞ்சின்கள் திறந்த வெளியில் வரிசையாக நிற்பதால், "தொடாதே" என்று நொடிக்கொரு முறை அதட்ட நேர்வதில்லை. பட்டியாலா சமஸ்தானத்தில் 1907-இல் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள வண்டியை அவசியம் காட்டுங்கள். ஒரு பக்கம் தண்டவாளத்தின்மீதும், மறுபக்கம் பெரிய சக்கரத்தால் வெறுந்தரையின்மீதும் ஓடிய விந்தை வண்டி அது. விழாமல் எவ்வாறு ஓடிற்று என்று பிள்ளைகள் கேட்பர். அருங்காட்சியகத்தைச் சுற்றிவரும் சிறு இரயிலில் ஏறுவதே அவர்கள் வந்த காரியம் ஆதலின், உள்ளே நுழைந்தவுடன் அதற்குரிய சீட்டை வாங்கிவிடுதல் நலம். கூட்டம் பெருகிய பின் வரிசையில் நிற்பது தந்தைக்கும் துன்பம், மகனுக்கும் துன்பம். கோடையில் ஊருக்குப் போகும்போது இரண்டு இரவை இரயிலில் கழிக்கும் நம் பிள்ளைகளுக்கு இவ்வண்டிகள் ஏற்கெனவே உறவினர் போன்றவை என்பதையும் கவனித்திருக்கிறோம்.

பழைய கோட்டையை அடுத்த விலங்குக் காட்சிசாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பறவைக் காய்ச்சல் முதலிய காரணங்களால் சில காலம் மூடப்படுவதும் உண்டாகையால், விசாரித்துப் புறப்படுக. 1959-இல் திறக்கப்பெற்ற இக்காட்சிசாலை மிகப் பரந்தது. முழுவதையும் நடந்து தீர்க்க முயல வேண்டா. புலியைக் காண ஓடுவது இயல்பே. எனினும், மழைக்காலம் முடியும் தறுவாயில் போவோர் குளக்கரையில் நெடுநேரம் நிற்க வேண்டும். கூண்டில் அடைபடாத வண்ண நாரைகள் தாமாகவே வந்து, குளத்திடை மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக் குளிர்காலம் கழிந்தபின் போய்விடும். வேடந்தாங்கலில் காணும் மஞ்சள் அலகுடைய அதே இனம்தான். வறுமையில் வாடிய சத்திமுற்றப் புலவர் தம் மனைவிக்கு நாரையைத் தூது விடுத்த கதையை இக்கரையில் நின்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் பாடமாகச் சொல்வதினும் நூறு மடங்கு பதியும்.

வெயிலோ மழையோ மிகுந்த நாளில் கூரைக்கடியில் ஓரிடம் வேண்டுமாயின், ஐ.டி.ஓ. அருகே பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில், நேரு இல்லத்தில் உள்ள பொம்மைக் காட்சிசாலை ஏற்றது. கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் அவர்களின் முயற்சியால் 1965-இல் தோன்றியது. பல நாட்டுப் பொம்மைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. இதற்கும் திங்கள் விடுமுறை. நவராத்திரிக்கு முந்தைய ஞாயிறு இங்கே அழைத்துச் சென்றால், வீட்டுக் கொலுவுக்குப் புதிய படி ஒன்று கேட்டுப் பெண்குழந்தைகள் பிடிவாதம் செய்வர். அதற்கு ஆயத்தமாயிருங்கள்.

இங்கு ஒன்று மனம் விட்டுச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் தமிழ், சமையலறைத் தமிழாகச் சுருங்கி வருகின்றது. சாதம், குழம்பு, குளி, தூங்கு, படி என்னும் சொற்களுக்கு அப்பால் வெளியுலகம் முழுவதும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அவர்களுக்கு அறிமுகமாகின்றது. மரத்துக்கும் பறவைக்கும் தமிழ்ப் பெயர் அறியாத குழந்தையைக் குறை கூறிப் பயனில்லை. அம்மரத்தடியில் நின்று தமிழில் பேசியவர் யார்? புதுதில்லியின் சாலைகள் இதற்கென்றே அமைந்தவை போல் உள்ளன. அக்பர் சாலையில் புளிய மரங்கள். ஜன்பத்தில் மருத மரங்கள். வேம்பும் அரசும் எங்கெங்கும் உண்டு. பள்ளியில் 'அர்ஜுன்' என்று கற்ற மரமே மருதநிலத்துக்குப் பெயர் தந்த மருதம் என அறியும் பிள்ளைக்கு, ஒரே மரத்தில் இரண்டு ஊர் கிடைத்துவிடும். குளிர்காலத்தில் தாத்தா ஊரிலிருந்து வந்திருந்தால் இன்னும் நன்று. பெயர்ப் பலகையிலுள்ள இந்தியைப் பேரன் படித்துச் சொல்லட்டும். மரத்தின் தமிழ்ப் பெயரைத் தாத்தா சொல்லட்டும். இருவருக்கும் பெருமை.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிப்ரவரி, மார்ச், அக்டோபர் ஆகியவை உலாவுக்கு ஏற்றவை. மே, ஜூனில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். 'லூ' என்னும் அனற்காற்றில் குழந்தையை வெளியே கொணர்வது கொடுமை. அம்மாதங்களில் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் திரும்புக. இயலாவிடில் வீட்டிலேயே இருங்கள். நவம்பர் முதல் சனவரி வரை வெயில் இதமாகத் தோன்றினும் காற்று நஞ்சாகின்றது. புறப்படுமுன் அன்றைய காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 300-ஐக் கடந்திருந்தால் 'மிக மோசம்' என்பது அரசின் வகைப்பாடு. குழந்தை எவ்வளவு அழுதாலும் அன்று உலா வேண்டா. இளம் நுரையீரல்கள் இக்காற்றால் பெரியவர்களினும் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன.

மெட்ரோவில் 90 செ.மீ. உயரத்துக்குட்பட்ட குழந்தை பெரியவருடன் வந்தால் சீட்டு வேண்டா. முதற்பெட்டி மகளிர்க்குரியது, தந்தையும் உடன் வருவதாயின் அடுத்த பெட்டிகளில் ஏறுக. தொல்பொருள் துறையின் நினைவுச் சின்னங்களில் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்குக் கட்டணம் இல்லை.

உணவைப் பற்றித் தாய்மார்களிடம் அன்று. தந்தையரிடமே பேச விரும்புகிறோம். உலா என்றால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் வடையும் கட்டிக்கொண்டு, திரும்பியபின் பாத்திரமும் துலக்கி நிற்பவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆறு நாள் அலுவலகத்திலோ அடுக்களையிலோ, பலர் இரண்டிலுமோ உழைத்தவர்க்கு ஏழாம் நாளில் இது மற்றொரு வேலை. மிளகாய்ப் பொடி தடவிய இட்லி நான்கு, வாழைப்பழம், குடிநீர் ஆகியவையே ஒரு முற்பகலுக்குப் போதும். அவற்றைப் பொதிவதும் சுமப்பதும் தந்தையின் கடமையாகட்டும். குழந்தைக்கு மாற்றுடை ஒன்றும் சிறு துவாலையும் அப்பையிலேயே இருக்கட்டும்.

சூன் இறுதியில் முதல் மழை பெய்தபின், இந்தியா கேட்டைச் சூழ்ந்த சாலைகளில் நாவற்பழம் உதிரத் தொடங்கும். மரத்தடியில் விற்போரிடம் உப்பிட்ட பழம் வாங்கிக் கொடுத்து, யார் நாக்கு மிகுதியாக ஊதாநிறம் பெற்றது என்று பிள்ளைகளைப் போட்டியிடச் செய்யலாம். அன்று மட்டும் வெள்ளைச் சட்டை அணிவிக்க வேண்டா. நாவற்கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் எளிதில் போவதில்லை.